‘சங்க வேலையால் எனக்கு என்ன லாபம்?’

கேள்வி: நான் ஓர் இயந்திரப் பொறியாளர். வயது 34. அழுத்தக் கலன்களை வடிவமைக்கும் வேலையில் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. கடைசி ஏழு ஆண்டுகள் ஒரே நிறுவனம். எங்கள் தொழில்சார் சங்கத்துக்கு ஐந்து ஆண்டுகளாகச் சந்தா கட்டிவருகிறேன். கூட்டத்துக்குப் போனால் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, முடிந்ததும் கிளம்பிவிடுவேன். போன மாதம் கிளைச் செயலாளர் அழைத்து, நிகழ்ச்சிக் குழுவில் சேர முடியுமா என்று கேட்டார். மாதம் எட்டு, பத்து மணி நேரம் ஆகும் என்கிறார். மேலாளரிடம் சொன்னேன். “உங்கள் விருப்பம், அலுவலக நேரத்தில் வேண்டாம்” என்றார். அப்பாவோ, “சம்பளம் இல்லாத வேலைக்கு ஆள் பிடிக்கிறார்கள், நீ போய் மாட்டிக்கொள்ளாதே” என்கிறார். எனக்குப் புதியவர்களிடம் பேசுவதென்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். வெளிப்படையாகவே கேட்கிறேன்: இதனால் எனக்கு என்ன லாபம்? இப்படிக் கேட்பது தவறா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தவறே இல்லை. சேவை மனப்பான்மை ஒன்றுக்காகவே சங்கத்துக்கு வந்ததாகச் சொல்லிக்கொண்டவர்களை இருபது ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் இரண்டாம் ஆண்டே மனக்கசப்போடு போய்விட்டார்கள். எதிர்பார்ப்பு அவர்களுக்கும் இருந்தது, அதை வாய்விட்டுச் சொல்லாததுதான் வித்தியாசம். “எனக்கு இது வேண்டும்” என்று தனக்குத்தானே ஒப்புக்கொண்டு வந்தவர்கள், அது கிடைக்கும்வரை பொறுமையாக வேலை செய்தார்கள். ஆகவே உங்கள் கேள்வியை ஒளிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி லாபக் கணக்கு. இதை எழுதுகிறவனும் ஒரு காலத்தில் கொதிகலன் பொறியாளன்தான். ஆலோசகனாக மாறிய பிறகும் சங்கத்தை விடவில்லை. எனவே நான் சொல்வதில் கொஞ்சம் பாசம் கலந்திருக்கும். அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

உங்கள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஏழு ஆண்டுகள் ஒரே நிறுவனம் என்றால் பத்து, பன்னிரண்டு பேர் இருக்கலாம். உங்கள் கணக்கீடு சுத்தமாக இருக்கும், சொன்ன தேதியில் வரைபடம் வந்துவிடும், தவறு நேர்ந்தால் மறைக்காமல் சொல்வீர்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். வெளியே யாருக்கும் தெரியாது. மேலாளர் மாறினால், பிரிவு கலைக்கப்பட்டால், பதினோரு ஆண்டு நற்பெயரை மறுபடியும் முதலிலிருந்து சம்பாதிக்க வேண்டும். சங்க வேலை தருகிற முதல் லாபம் இதற்கான மருந்து: உங்கள் நிறுவனத்துக்கு வெளியே, நீங்கள் எப்படி வேலை செய்கிறீர்கள் என்பதற்குச் சாட்சிகள் உருவாகிறார்கள். கைகுலுக்கி அட்டை மாற்றிக்கொண்டவர்கள் சாட்சிகள் ஆகமாட்டார்கள். மூன்று மாதம் உங்களோடு ஒரு கருத்தரங்கை நடத்திக் களைத்தவர்கள்தான் சாட்சிகள்.

இதன் மதிப்பு என்ன என்று கேட்பீர்கள். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று இன்றும் பேசப்படுகிறது. அறிமுகமானவர்கள் மூலம் புதிய வேலை பெற்ற தொழில்முறையாளர்களிடம், அந்தத் தகவலைத் தந்தவரை அப்போது எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று அவர் கேட்டார். அடிக்கடி சந்தித்தவர் மூலம் கிடைத்தது என்றவர்கள் 16.7 சதவீதம். எப்போதாவது சந்திப்பவர் என்றவர்கள் 55.6 சதவீதம். மிக அரிதாகச் சந்திப்பவர் என்றவர்கள் 27.8 சதவீதம். எண்ணிக்கையில் சிறிய ஆய்வு, ஆனால் காரணம் புத்திக்கு உடனே எட்டுகிறது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்ததாகவே இருக்கும். தூரத்து அறிமுகம்தான் நீங்கள் கேள்விப்படாத செய்தியோடு வரும். மாதம் ஒருமுறை சந்திக்கிற குழு உறுப்பினர் என்பவர் அந்த நடு வகை. நெருக்கமும் இல்லை, அந்நியமும் இல்லை. ஆனால் உங்கள் வேலையைப் பார்த்தவர்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. இதெல்லாம் ஆறு மாதத்தில் பதவி உயர்வாக மாறி வராது. உங்கள் மேலாளருக்கு இதில் ஆர்வம் இல்லை என்பது தெரிந்துவிட்டது. அவரை வசப்படுத்த இதைச் செய்யாதீர்கள்.

இரண்டாவது லாபம் எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் பலரும் கவனிக்காதது. அலுவலகத்தில் நீங்கள் ஒருவரிடம் வேலை சொன்னால், அவர் செய்வதற்குப் பின்னால் சம்பளம் இருக்கிறது, மேலாளர் இருக்கிறார், ஆண்டு மதிப்பீடு இருக்கிறது. சங்கத்தில் எதுவும் இல்லை. “முடியாது” என்று சொல்லிவிட்டு எவரும் எழுந்து போகலாம். அப்படிப்பட்டவர்களிடம் வேலை வாங்கக் கற்றவருக்கு அலுவலகம் எளிதாகிவிடும். வேலையைச் சிறிய துண்டுகளாக உடைத்துக் கொடுக்க வேண்டும். எது எப்போது வேண்டும் என்பதைக் குழப்பமில்லாமல் சொல்ல வேண்டும். மனம் நோகாமல் நினைவூட்ட வேண்டும். செய்தவருடைய பெயரைக் கூட்டத்தில் சொல்ல வேண்டும். மேலாண்மைப் பயிற்சி வகுப்புகளில் இவற்றைப் படமாகப் போட்டுக் காட்டுவார்கள். சங்கத்தில் அடிபட்டுத்தான் கற்கவேண்டும், ஆனால் அந்த அடியால் உங்கள் வேலைக்கு ஆபத்து இல்லை.

நான் பட்ட அடியைச் சொல்கிறேன். இணைச் செயலாளராகி இரண்டாம் மாதம், தலைவர் வராததால் ஒரு கூட்டத்துக்கு நானே தலைமை ஏற்றேன். நிகழ்ச்சி நிரலில் நான்கு விஷயங்கள். முதல் விஷயத்தைத் தாண்டவே ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆயிற்று. மூத்தவர் ஒருவர் தன் பழைய கதையைத் தொடங்கினார்; நிறுத்தத் தெரியவில்லை. இரண்டு பேர் ஒரே கருத்தை வெவ்வேறு சொற்களில் சொல்லிச் சண்டையிட்டார்கள். அது ஒரே கருத்து என்று எடுத்துக்காட்டவும் தெரியவில்லை. எந்தத் தீர்மானமும் இல்லாமல் கலைந்தோம். வீட்டுக்குப் போகும்போது காது சூடாக இருந்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

பிறகுதான் தெரிந்துகொண்டேன், எனக்கு முன்னால் இன்னொரு பொறியாளருக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. ஹென்றி மார்ட்டின் ராபர்ட், அமெரிக்க ராணுவத்தில் பொறியாளர் அதிகாரி. 1863-இல் ஒரு கூட்டத்துக்குத் தலைமை ஏற்கச் சொன்னார்கள். எப்படி நடத்துவதென்று தெரியாமல் அவமானப்பட்டார். இனி விதிமுறை தெரியாமல் எந்தக் கூட்டத்துக்கும் போவதில்லை என்று முடிவு செய்து, படித்துப் படித்து, 1876-இல் கூட்ட நடைமுறை விதிகளைத் தானே புத்தகமாக வெளியிட்டார். இன்றும் எத்தனையோ சங்கங்கள் அதைத்தான் பின்பற்றுகின்றன. நான் புத்தகம் எழுதவில்லை. ஆனால் அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு விஷயத்துக்கும் எதிரே எத்தனை நிமிடம் என்று எழுதிவைத்தேன். சில ஆண்டுகள் கழித்து, வாடிக்கையாளரும் ஒப்பந்ததாரரும் மோதிக்கொண்ட ஒரு கூட்டத்தை அலுவலகத்தில் என்னிடம் ஒப்படைத்தபோது கை நடுங்கவில்லை.

உங்கள் துறைக்கே உரிய லாபம் ஒன்றும் இருக்கிறது. நீங்கள் தினமும் ஏதோ ஒரு தரநிலையின் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டுத்தான் கணக்குப் போடுகிறீர்கள். அந்தப் பிரிவை யார் எழுதினார்கள் என்று யோசித்ததுண்டா? 1905-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பிராக்டன் நகரில், ஒரு காலணித் தொழிற்சாலையின் கொதிகலன் வெடித்து 58 பேர் இறந்தார்கள். அதன் அதிர்ச்சியில் அந்த மாநிலம் கொதிகலன் சட்டம் கொண்டுவந்தது. மாநிலத்துக்கு ஒரு விதி வேண்டாம், பொதுவான விதி வேண்டும் என்று 1911-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர்கள் சங்கம் ஒரு குழுவை அமைத்தது. அவர்களுடைய முதல் கொதிகலன் விதித்தொகுப்பு 1914-ஆம் ஆண்டுப் பதிப்பு என்ற பெயரில் அறியப்படுகிறது. இன்றைக்கும் அந்தத் தொகுப்பைத் திருத்துவது தன்னார்வக் குழுக்கள்தான். மின்னியல், மின்னணுவியல் பொறியாளர்களின் ஐஇஇஇ நிறுவனத்திலும் இதே கதை. கணினி வலையமைப்புகளுக்குத் தரநிலை வகுக்க 1980-இல் தொடங்கிய 802 என்ற எண் கொண்ட குழுவில், சந்தையில் ஒருவரோடொருவர் போட்டியிடும் நிறுவனங்களின் ஆட்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து வாதிட்டார்கள். 1997-இல் அதிலிருந்து வந்த 802.11 தரநிலைதான் இன்று வீட்டுக்கு வீடு இருக்கும் வைஃபை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், விதியைப் படிப்பவருக்கும் விதி உருவாகும் அறையில் இருந்தவருக்கும் அறிவில் பெரிய இடைவெளி உண்டு. “இந்தத் தடிமன் ஏன்? இந்த விதிவிலக்கு யாருக்காக?” என்பதற்கான பதில் அச்சில் இருக்காது. அறையில் இருந்தவர்களின் நினைவில் இருக்கும். அந்த அறைக்கு நேரடி வழி எதுவும் இல்லை. நிகழ்ச்சிக் குழு, பிறகு தொழில்நுட்பத் துணைக்குழு என்று, வேலை முடித்துக்காட்டியவர்களைத்தான் உள்ளே அழைப்பார்கள்.

இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1986 ஜனவரியில் 21 பேருடன் நடந்தது அதன் முதல் கூட்டம். முறையான உறுப்பினர் பதிவே கிடையாது, வாக்கெடுப்பும் கிடையாது. கூட்டத்தின் போக்கை அறிய, ஆதரிப்பவர்களை வாய் திறக்காமல் ‘ம்ம்’ என்று முனகச் சொல்வார்கள்! எந்தப் பக்கம் முனகல் பலமோ, அதை வைத்துக் கருத்தொற்றுமையைக் கணிப்பார்கள். நாக்கு ஒட்டிக்கொள்பவர்களுக்கும் இந்த உலகில் இடம் உண்டு என்பதற்காகச் சொன்னேன்.

நாக்கைப் பற்றிப் பேச்சு வந்ததால் அதையும் பார்த்துவிடுவோம். நீங்கள் கூச்சத்தை ஒரு தடையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது நிகழ்ச்சிக் குழுவில் சேர இன்னொரு காரணமாகத்தான் தெரிகிறது. கூட்டத்தில் ஒரு மூத்த நிபுணரிடம் போய்த் தானாகப் பேச்சுக் கொடுப்பது கூச்சப்படுபவருக்கு நரகம். அதே நிபுணருக்குத் தொலைபேசியில், “சங்கத்தின் நிகழ்ச்சிக் குழுவிலிருந்து பேசுகிறேன், அடுத்த மாதக் கூட்டத்தில் உரையாற்ற இயலுமா?” என்று கேட்பது ஒரு வேலை. பேச விஷயம் கையில் இருக்கிறது. அவர் கேட்கப்போகும் கேள்விகளும் தெரியும்: தேதி, நேரம், தலைப்பு, எத்தனை பேர் வருவார்கள். பிறகு அவரை வாசலில் வரவேற்பீர்கள், ஒலிபெருக்கியைச் சரிபார்ப்பீர்கள், உரை முடிந்ததும் வழியனுப்புவீர்கள். அந்த இடைவெளிகளில் ஐந்தைந்து நிமிடமாக நடக்கும் உரையாடல் எந்தக் கட்டணப் பயிற்சியிலும் கிடைக்காது. ஆண்டுக்குப் பத்துக் கூட்டம் என்றால், உங்கள் துறையின் பத்து முக்கியமானவர்களுக்கு உங்கள் பெயர் தெரியும். அதுவும் ‘எல்லாவற்றையும் ஒழுங்காக ஏற்பாடு செய்தவர்’ என்ற அடைமொழியோடு.

தொழில் சான்றிதழ்களைப் புதுப்பிக்கவும் சில இடங்களில் இது உதவும். திட்ட மேலாண்மைக்கான பிஎம்பி சான்றிதழுக்கு மூன்று ஆண்டுகளில் 60 புள்ளிகள் சேர்க்க வேண்டும். துறைக்குத் திருப்பிக் கொடுக்கும் பணிகள் என்ற தலைப்பில் தன்னார்வப் பணியும் ஓரளவு கணக்கில் வரும். உங்களிடம் உள்ள சான்றிதழின் விதியைப் பாருங்கள். இதை ஒரு உபரியாக வைத்துக்கொள்ளலாம், இதற்காகவே சேர வேண்டாம்.

அப்பா சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி உண்மை. வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்பார்கள். அந்தப் பட்டியலில் மூன்றாவதாகக் கருத்தரங்கை நடத்திப்பார் என்று சேர்க்கலாம். பத்து மணி நேரம் என்று செயலாளர் சொன்னால் பதினைந்து என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டு மாநாடு நடக்கும் மாதத்தில் அதை இரட்டிப்பாக்குங்கள். அவர் ஏமாற்றவில்லை. பழகிய கைக்குப் பத்து மணி நேரத்தில் முடியும்.

மாட்டிக்கொள்வது எப்படி நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும், நானே மாட்டியிருக்கிறேன். ஒரு வேலையை நன்றாகச் செய்தால் அடுத்ததையும் உங்கள் தலையிலேயே வைப்பார்கள். கூட்டக் குறிப்பு எழுதத் தொடங்கி, செய்தி மடல், வருகைப் பதிவு, மண்டப முன்பதிவு என்று எல்லாம் சேர்ந்து, கடைசியில் பேச்சாளரின் உரையைக் கேட்கவே நேரமில்லாத ஒரு ஆண்டு எனக்கு இருந்தது. குறிப்பாகப் பெண் உறுப்பினர்களிடம் குறிப்பெழுதும் வேலையும் வரவேற்பு வேலையும் தானாகவே போய்ச் சேர்வதைப் பல குழுக்களில் பார்த்திருக்கிறேன். அதைச் செய்வதில் இழுக்கு ஒன்றுமில்லை. ஆனால் பேச்சாளரைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் பங்கு இல்லாமல் அது மட்டும் வந்தால், முதல் மாதமே சொல்லிவிடுங்கள். மூன்றாம் மாதம் சொன்னால் புகார் போல் ஒலிக்கும்.

இன்னொரு ஆபத்து நம் துறையிலேயே நடந்திருக்கிறது. முன்னே பாராட்டினேனே, அதே அமெரிக்கச் சங்கத்தின் கொதிகலன் துணைக்குழு ஒன்றில் துணைத்தலைவராக இருந்தவர், நீர்மட்டம் குறைந்தால் எரிபொருளை நிறுத்தும் கருவி தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் அதிகாரி. ஹைட்ரோலெவல் என்ற போட்டி நிறுவனம் புதிய வகைக் கருவியைக் கொண்டுவந்தது. அந்த வகை விதிக்கு ஒத்துவருமா என்று துணைத்தலைவரின் நிறுவனம் சங்கத்துக்கு ஒரு கேள்வி அனுப்பியது. அந்தக் கேள்வியைத் தயாரிப்பதில் அவருக்கும் பங்கு. 1971-இல் சங்கத்தின் பெயரில் வந்த பதில், போட்டியாளரின் கருவி பாதுகாப்பற்றது என்று சொல்லிக்கொள்ள விற்பனையாளர்களுக்கு வசதியாக அமைந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை. வழக்கு 1982-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், தன்னார்வலர்கள் செய்ததற்கும் சங்கமே பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. நிகழ்ச்சிக் குழுவில் இவ்வளவு பெரிய விவகாரம் வராது. ஆனால் உங்கள் நிறுவனத்துக்குச் சரக்கு விற்கும் ஒருவர் “என்னைப் பேச அழையுங்கள்” என்று கேட்பார். உங்கள் நிறுவனத்தின் திட்ட விவரத்தை யாரோ கதைபோக்கில் விசாரிப்பார். முதலாமவர் விஷயத்தைக் குழுவிடம் சொல்லிவிட்டு முடிவிலிருந்து விலகிக்கொள்ளுங்கள். இரண்டாமவரிடம் உங்கள் கூச்சம் நன்றாகவே உதவும்.

மேலாளர் சொன்னதை ஒரு மின்னஞ்சலாகப் பதிவு செய்யுங்கள்: “நாம் பேசியபடி, அலுவலக நேரத்துக்கு வெளியே இந்தப் பணியைச் செய்கிறேன்.” இரண்டு வரி போதும். நாளை மேலாளர் மாறினாலும் அந்த வரி இருக்கும்.

எல்லாச் சங்கமும் சேரத்தக்கது என்று நான் சொல்லமாட்டேன். அதே நான்கு பேர் பத்து ஆண்டுகளாகப் பதவிகளை மாற்றி மாற்றி வைத்திருந்தால், ஆண்டுக் கணக்கை உறுப்பினர்கள் கேட்டால்தான் காட்டுவார்கள் என்றால், கூட்டத்தில் தொழிலைவிடத் தேர்தலைப் பற்றிய பேச்சு அதிகம் என்றால், சந்தாவைக் கட்டிக் கடைசி வரிசையிலேயே இருங்கள். அங்கே உங்கள் உழைப்பைப் பார்க்க ஆள் இருக்காது. எந்த அணி என்றுதான் பார்ப்பார்கள். பொருளாளர் பதவியை முதல் ஆண்டில் யார் தந்தாலும் வாங்காதீர்கள். முந்தைய ஆண்டின் கணக்கு எப்படி இருந்தது என்று தெரியாமல் கையெழுத்துப் போட நேரும்.

செயலாளருக்கு இந்த வாரமே பதில் சொல்லிவிடுங்கள். இழுத்தடிப்பது அவருக்கும் சிரமம். ‘சேருகிறேன்’ என்பதற்கு முன்னால், போன ஆண்டு இந்த வேலையைச் செய்தவரின் தொலைபேசி எண்ணைக் கேளுங்கள். அவரிடம் உண்மையில் எத்தனை மணி நேரம் ஆயிற்று, ஏன் விட்டார் என்று கேளுங்கள். அவரோடு பத்து நிமிடம் பேசினால் என் கட்டுரையைவிட அதிகம் தெரியும். எண்ணைத் தரத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான். பிறகு, ஓராண்டு என்று காலவரையறை வைத்து, ஒரே ஒரு தெளிவான பொறுப்பைக் கேளுங்கள். “நிகழ்ச்சிக் குழுவில் உதவுகிறேன்” என்பது பொறுப்பு அல்ல. அதற்கு எல்லையே இல்லை. “இந்த ஆண்டு நான்கு தொழில்நுட்ப உரைகளுக்குப் பேச்சாளர்களை ஏற்பாடு செய்கிறேன்” என்பது பொறுப்பு. முடிந்ததா இல்லையா என்று யாரும் சொல்லிவிடலாம். நாளை உங்கள் தன்விவரக் குறிப்பிலும் ‘உறுப்பினர்’ என்ற வெற்றுச் சொல்லுக்குப் பதில் அந்த வரியை எழுதலாம்.

முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். யாரை அழைத்தீர்கள், யார் மறுத்தார்கள், எந்த மண்டபத்தில் ஒலிபெருக்கி சரியில்லை, எல்லாம் அதில் இருக்கட்டும். ஆண்டு முடிவில் தொடர விருப்பமில்லை என்றால், அந்தக் கோப்பை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக வெளியே வரலாம். முதல் உரைக்கு யாரை அழைப்பது என்ற யோசனை வேண்டுமென்றால், உங்கள் தரநிலைக் குழுவில் இருக்கும் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். நீங்கள் தினமும் குறிப்பிடும் அந்தப் பிரிவு எண் ஏன் அப்படி எழுதப்பட்டது என்று, வாசலில் வழியனுப்பும்போது அவரிடம் கேட்டுப் பாருங்கள்.